வலப்பக்கம் பார்த்த எருது

காயலான் கடை மூட்டையை அவிழ்த்துக் கொட்டினால் முதலில் வருவது சத்தம்தான். உடைந்த குழாய், வாய் நசுங்கிய சொம்பு, தண்டு போன குத்துவிளக்கு, நாக்கு இல்லாத மணி எல்லாம் சிமெண்ட் தரையில் விழுந்து ஒரு கலாட்டா பண்ணிவிட்டு அடங்கும். அடங்கின பிறகு, சாக்கின் மூலையில் சிக்கியிருந்த சின்னச் சாமான்கள் ஒவ்வொன்றாக உதிரும். கன்னியப்பன் காதைக் கொடுப்பது அந்தக் கடைசிச் சத்தத்துக்குத்தான். காசு விழுகிற சத்தம் தனி. பதினொரு வருஷமாக அதைக் கேட்டுக் கேட்டுப் பொறுக்கி வந்தான்.

அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் பின்பக்கம், பட்டரவாக்கம் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்தது அந்தப் பித்தளைப் பட்டறை. அங்கே ஒரு வழக்கம் உண்டு. உலைக்குப் போகிற சரக்கில் எதன் மேலாவது ஒருவனுக்கு ஆசை வந்துவிட்டால் முதலாளி முகம் சுளிக்க மாட்டார், விலையும் சொல்ல மாட்டார். தராசைக் காட்டுவார். எடுத்ததை ஒரு தட்டில் வை. அதே எடைக்குச் செம்போ பித்தளையோ வெளியிலிருந்து கொண்டுவந்து மறு தட்டில் வை. முள் நேராக நின்றால் எடுத்துக்கொண்டு போ. இதற்காகவே கன்னியப்பன், மோட்டார் ரீவைண்டிங் கடை வாசலில் குப்பையாகக் கிடக்கும் செம்புக் கம்பித் துண்டுகளைக் கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் போட்டு வைத்திருப்பான். ராஜா அடித்த காசு ஒரு தட்டில், குப்பைக் கம்பி ஒரு தட்டில். இரண்டும் ஒன்றுதான் என்று தராசு சொல்லும். அப்படிச் சேர்ந்தது அறுபத்து மூன்று காசு. எல்லாம் ஒரு பால் பவுடர் டப்பாவில் இருந்தன.

அதில் ஒன்றுதான் எருது.

சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய காசு. தடிமனுக்குக் கனம் அதிகம். ஒரு பக்கம் தேய்ந்து வெறும் மேடு பள்ளமாக இருந்தது. மறுபக்கத்தில் எருது நின்றது. திமில் தெரியும், தாடை தெரியும், முதுகுக்கு மேலே பிறை போல ஒரு கீற்று தெரியும். மற்ற அறுபத்து இரண்டையும் கன்னியப்பன் வாரத்துக்கு ஒருமுறை பார்ப்பான். இதைத் தினம் பார்ப்பான்.

பார்க்காத நேரத்தில் அதுவே வரும். சாயங்கால ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால், திருமுல்லைவாயில் வருவதற்குள் கண் சொக்கிவிடும். பகலெல்லாம் உலையைப் பார்த்த கண்ணுக்குள் அந்த வெக்கை இன்னும் நெளிந்துகொண்டிருக்கும். அந்த நெளிவுக்குள் இருந்து எருது நடந்து வரும். அதற்கு அவசரம் கிடையாது. அண்ணனூர் தாண்டும்போது தண்டவாளத்தை ஒட்டியே, ரயிலுக்குச் சமமாக நடக்கும். ரயில் எப்படி அதை முந்தாமல் போகிறது என்று அவன் யோசித்ததே இல்லை. ஆவடியில் இறங்கிக் கோவில்பதாகைக்கு நடக்கிறபோது, தண்ணீர் வற்றிய ஏரியின் வெடித்த சேற்றில் குளம்பு பதிய அவனுக்கு முன்னால் போகும். எந்த ராஜா அடித்தான் அதை? அதைக் கொடுத்து அந்தக் காலத்து ஜனம் வாங்கியது என்ன, உப்பா, கள்ளா, ஒரு முழம் துணியா? சொல்ல ஆள் இல்லை. அதனாலேயே எருது இஷ்டத்துக்குப் போய் வந்தது.

இந்த நிலையில்தான் புத்தகம் வந்தது.

திருமுல்லைவாயிலில் ராஜசேகரன் என்றொருவர். அந்த ஊரிலேயே தலைமுறையாகப் பயிர் வைத்த குடும்பம். நிலமெல்லாம் மனையான பிறகு ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் கிளார்க் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். புது வீட்டு கேட்டுக்குப் பித்தளையில் பெயர்ப் பலகை வார்க்கச் சொல்லப் பட்டறைக்கு வந்தவர், கன்னியப்பனின் கையில் தராசுக்குப் போகக் காத்திருந்த காசைப் பார்த்துவிட்டுப் பலகையை மறந்து போனார். அவரும் காசுக்காரர். முப்பது வருஷம் சேர்த்தவர். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச்சொன்னார். பிறகு, தென்னாட்டுப் பழங்காசு எல்லாவற்றையும் படத்தோடு பட்டியல் போட்டு ஒரு புத்தகம் வந்திருக்கிறது, தமிழிலேயே இருக்கிறது, இரண்டு பிரதி வரவழைத்ததில் ஒன்றைக் கேட்டிருந்த நண்பர் மாற்றலாகிப் போய்விட்டார், வேண்டுமானால் எடுத்துக்கொள் என்றார். விலை நானூறு ரூபாய் என்றும் சொன்னார். பூந்தமல்லியில் ஒரு டாக்டரும் கேட்டுக்கொண்டிருக்கிறார், ஆனாலும் இரண்டு ஞாயிறு வரைக்கும் உனக்காக வைத்திருக்கிறேன், வந்து பார்த்து முடிவு பண்ணு என்றார்.

நானூறு ரூபாய் என்பது கன்னியப்பனுக்கு ஒன்றரை வாரக் கூலி. அது வீட்டில் இருந்தது என்பதுதான் வம்பு. அவன் மனைவி தாயம்மா ஆவடி குவார்ட்டர்ஸில் நாலு வீட்டில் வேலை செய்து கட்டிய சீட்டு அந்த மாதம் விழுந்திருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சித்திரை மாதம், பகலெல்லாம் உலையில் வேகிறவன் ராத்திரியில் வீட்டில் வேகிறான். சீலிங் ஃபேன் ஒன்று வாங்குவதாக இருவரும் சேர்ந்தே முடிவு பண்ணியிருந்தார்கள். கொக்கிகூட மாட்டியாகிவிட்டது. ஃபேன் இல்லாத கொக்கி மூன்று வாரமாகத் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது.

புத்தகம் என்று அவன் வாயைத் திறந்ததும் தாயம்மா கொக்கியைப் பார்த்தாள்.

"அந்தப் பொஸ்தகத்துல காத்து வருமா?"

"அதுல எல்லாக் காசுக்கும் பேரு கீதாம். எருது யார்து இன்னான்னு தெரிஞ்சிடும்."

"தெரிஞ்சா அது பால் கறக்கப் போவுதா? எருதுய்யா அது" என்றாள் தாயம்மா. ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. போய்ப் பார்த்துவிட்டு வா என்றாள். அவன் எழுத்துக் கற்றுக்கொண்ட கதை அவளுக்குத் தெரியும்.

அது முந்தின வருஷம் நடந்தது. நாற்பத்தியொரு வயதில் அறிவொளி வகுப்புக்குப் போனான். பள்ளிக்கூடத்துக் கட்டடத்தில் வாரம் மூன்று நாள் சாயங்காலம். சொல்லிக்கொடுத்தவள் நாகவல்லி என்று ஒரு தையல்காரப் பெண், அவனைவிடப் பதினைந்து வயது சின்னவள். முதல் வாரத்திலேயே அவள் சிரித்துவிட்டாள். கன்னியப்பன் பலகையில் எழுதின எழுத்தெல்லாம் இடம் வலமாகத் திரும்பியிருந்தன. பட்டறையில் இருபது வருஷமாகப் பெயர்ப் பலகை வார்த்தவன் அவன். மரத்தில் செய்த மாதிரியை மண்ணில் பதித்து எடுத்தால் எழுத்துகள் குழியாக, திரும்பித்தான் விழும். மண் உதிர்ந்த இடத்தைச் சின்னக் கரண்டியால் பூசி, ஓரம் கூராக்கி, ஒவ்வொரு எழுத்தாகக் குனிந்து குனிந்து சரிபார்ப்பதுதான் அவன் வேலை. படிக்கத் தெரியாமலே எழுத்தை அறிந்திருந்தான். அறிந்தது அந்தப் பக்கத்திலிருந்து. "அண்ணே, நீங்க எழுதினது எல்லாம் சரிதான். பலகைக்கு அந்தப் பக்கம் நின்னு பாக்கறவங்களுக்கு" என்றாள் நாகவல்லி. மற்றவர்கள் மூன்று மாதத்தில் கற்றதற்கு அவனுக்கு எட்டு மாதமானது. கையைத் திருத்தத்தான் அத்தனை நாள். கண்ணை யாரும் திருத்தவில்லை.

முதல் ஞாயிறு போவதற்கு முன் ஒரு யோசனை வந்தது. எருதை ரயிலில் எடுத்துப் போக அவனுக்கு மனம் வரவில்லை. ஒருதரம் பூந்தமல்லிச் சந்தையில் பார்த்துத் தருகிறேன் என்று வாங்கின ஒருவன், கையைத் திருப்புகிற நேரத்தில் வேறு காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். ராஜசேகரன் அப்படிப்பட்டவர் இல்லை. ஆனாலும் பயம் ஆளைப் பார்த்தா வருகிறது?

குழாய்க்குள் ஓட்டை விட வேண்டுமானால் பட்டறையில் மணலில் வெல்லப்பாகு கலந்து பிசைந்து உருட்டி, அடுப்பில் வைத்துச் சுட்டு எடுப்பார்கள். கோர் என்று பெயர். சுட்டால் பிஸ்கோத்துபோலக் கெட்டியாகிவிடும், கீழே போட்டால்தான் உடையும். கன்னியப்பன் சலித்த மணலை நாலு விரல் அகலத்துக்கு அடை தட்டி, அதில் எருதை அழுத்தி எடுத்து, மற்ற கோர்களோடு சேர்த்துச் சுட்டான். வெல்லம் கருகுகிற வாசனையோடு எருது வெளியே வந்தது. ஒரு மயிர்க்கீற்றுகூடத் தப்பவில்லை. காசை டப்பாவில் வைத்துவிட்டு, பிஸ்கோத்தைச் சாப்பாட்டு டப்பாவில் துணி சுற்றி எடுத்துப் போனான்.

ராஜசேகரன் வீட்டுக் கூடத்தில் புத்தகம் மேஜை மேல் இருந்தது. கன்னியப்பன் அதைத் தூக்கிப் பார்த்தான். ஒன்றரைக் கிலோ, கொஞ்சம் கூட இருக்கும். அவனுக்குப் பழக்கம் அப்படி. ராஜசேகரனின் மனைவி ராணி காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவர் யாரோ வந்தவர்களோடு வாசலில் மனைப் பத்திரம் பேசிக்கொண்டிருக்க, இவன் பக்கம் புரட்ட ஆரம்பித்தான். பளபளவென்ற காகிதம். ஒரு பக்கத்துக்கு இருபது காசு. ஒவ்வொன்றின் கீழும் எண், ராஜா பெயர், நாலைந்து வரி. புலி, மீன், வில், பன்றி, யானை, பெயர் தெரியாத பறவை. வரிகளைப் படிக்கப் போனால் பொழுது போய்விடும் என்று படங்களை மட்டும் பார்த்தான். எருதுகள் வந்தன. நாலு பக்கம் முழுக்க எருதுகள். கன்னியப்பன் பிஸ்கோத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தான். சிலதில் பிறை இருந்தால் திமில் இல்லை; இரண்டும் இருந்ததில் ஏதோ ஒன்று ஒத்து வரவில்லை. என்ன ஒத்து வரவில்லை என்று சொல்லத் தெரியவில்லை.

உள்ளே வந்த ராஜசேகரன் கண்ணாடி வைத்துப் பிஸ்கோத்தைப் பார்த்தார். காசை ஏன் கொண்டுவரவில்லை என்று கேட்கவில்லை. புத்தகத்தைப் பார்த்தார். மறுபடி பிஸ்கோத்தைப் பார்த்தார்.

"கன்னியப்பா, இந்த வகையில அத்தனை எருதும் இடது பக்கம் பாக்குது. உன்னுது வலது பக்கம் பாக்குது" என்றார். குரல் இறங்கியிருந்தது. "இது புத்தகத்துல இல்ல."

அப்புறம் அவர் நிறையப் பேசினார். பட்டியலில் இல்லாத காசு என்றால் அது எங்கேயும் இல்லாத காசு. அதற்கு விலை என்று ஒன்று கிடையாது, வைத்ததுதான் விலை. அடுத்த ஞாயிறு காசைக் கொண்டுவந்து காட்டு. மனசிருந்தால் அதை எனக்குக் கொடு, இந்தப் புத்தகத்தைச் சும்மா எடுத்துக்கொள், மேலேயும் பார்த்துச் செய்கிறேன். கன்னியப்பன் தலையை ஆட்டினான். அது சரி என்பதா யோசிக்கிறேன் என்பதா என்று அவனுக்கே தெரியாது.

அந்த வாரம் அவன் தரையில் நடக்கவில்லை. எந்தப் புத்தகத்திலும் இல்லாத எருது. எழுதப் படிக்கத் தெரிந்த பெரிய மனுஷர்கள் ஊர் ஊராகப் போய்த் தேடிப் பட்டியல் போட்டும் அவர்கள் கையில் அகப்படாமல், நாக்கில்லாத மணிக்கும் நசுங்கின சொம்புக்கும் நடுவில் ஒளிந்து அவனைத் தேடி வந்திருக்கிறது. ரயிலில் இப்போது அது தூரத்தில் நடக்கவில்லை. பெட்டிக்குள்ளேயே ஏறிக்கொண்டது. நின்றபடி வந்தவர்கள் அதற்கு வழி விட்டார்கள். அதன் மூச்சு அவன் கழுத்தில் சூடாகப் பட்டது. உலைச் சூடு அல்ல, வைக்கோல் வாசனையோடு ஒரு சூடு. வீட்டில் தாயம்மாவும் மாறியிருந்தாள். புத்தகத்தில் நம் காசே இல்லையென்றால் அந்தப் புத்தகம் நமக்கு எதற்கு என்று அவள் கேட்டது நியாயமாகத்தான் பட்டது. ஃபேனைப் பற்றிப் பேசுகையில் ஒன்று என்று சொல்லாமல் ரெண்டாகவே மாட்டிவிடலாமா என்றாள்.

வியாழக்கிழமை அந்த மிதப்பு உடைந்தது.

காட்டுப்பாக்கத்தில் யாரோ கட்டிய வீட்டுக்குப் பெயர்ப் பலகை. கன்னியப்பன் மண்ணைத் தட்டிக் கெட்டியாக்கி, பெட்டியைத் திறந்து, மர மாதிரியை அசைத்து எடுத்தான். எழுத்துகள் குழியாக விழுந்திருந்தன. உருக்கின பித்தளையோடு மூசை தூக்குகிற வேம்புலி பக்கத்தில் வந்து குந்தினான். பத்தாவது வரை படித்தவன். மண்ணைப் பார்த்து முழித்தான்.

"இன்னா எயுதிகீது அண்ணாத்தே?"

"ஜெகதாம்பாள் இல்லம்" என்றான் கன்னியப்பன், கரண்டியை நிறுத்தாமலே.

"எல்லாம் மாறிக் கீதே. எப்டி அப்டியே படிக்கிற?"

கரண்டி நின்றது.

மண்ணில் இருப்பதெல்லாம் மாறித்தான் இருக்கும். இருபது வருஷமாகத் தெரிந்த சங்கதி. வேம்புலிக்கு மாறித் தெரிந்தது அவனுக்கு நேராகத் தெரிந்தது. பிஸ்கோத்தும் மண்தானே. அதில் இருந்த எருது எந்தப் பக்கம் பார்த்தது என்று அவன் கேட்டுக்கொள்ளவே இல்லை. ஏதோ ஒத்து வரவில்லை என்று கண்ணுக்குப் பட்டது, அது வலமும் இடமும் என்று பிரிக்கத்தான் தெரியவில்லை. கிளார்க் ராஜசேகரனுக்கு மண்ணைப் பற்றித் தெரியாது. மண்ணைப் பற்றித் தெரிந்தவனுக்கு, திரும்பியிருப்பது திரும்பியிருப்பதாகத் தெரியவில்லை.

அன்றைக்கு ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. எருது வரவில்லை.

வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்து காசை எடுத்தான். இடப்பக்கம்தான் பார்த்தது. பிஸ்கோத்தைப் பக்கத்தில் வைத்தான். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன, சண்டைக்குப் போவதா முகர்ந்து பார்ப்பதா என்று யோசிக்கிற மாதிரி. தாயம்மாவிடம் சொன்னான். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள்.

"பதினோரு வருசமா அத்தோட குடும்பம் நடத்திகினு கீற. அது மூஞ்சி எந்தப் பக்கம் கீதுன்னு தெர்ல உனுக்கு."

அடுத்த ஞாயிறு அவளும் கிளம்பிவிட்டாள். பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டாள். காசையும் பிஸ்கோத்தையும் அவன் எடுத்துக்கொண்டான். நானூறு ரூபாய் விலை போட்டிருக்கிற புத்தகத்தைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு அப்படியே மாசிலாமணி கோயிலுக்குப் போய்விட்டு வர வேண்டும் என்றாள். வாங்குவதா வேண்டாமா என்று வழியில் இரண்டு பேரும் பேசவில்லை.

காசைக் கையில் வாங்கின ராஜசேகரனுக்கு விஷயம் ஒரு நொடியில் விளங்கிவிட்டது. பிஸ்கோத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார், காசைப் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார். கோபம் இல்லை, ஒரு வாரமாக அவரும் தூங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. புத்தகத்தைத் திறந்து எருதுப் பக்கத்தில் விரலை வைத்தார். இருந்தது. திமில், பிறை, தாடை, அத்தனையும். கீழே இருந்த வரியை அவரே படித்தார். பரவலாகக் கிடைப்பது என்று போட்டிருந்தது.

நல்ல மனுஷர். மறைக்காமல் சொன்னார். இது கூடை கூடையாகக் கிடைக்கிற காசு, அஞ்சு ரூபாய்க்கு மேல் யாரும் தர மாட்டார்கள். உன் டப்பாவில் இருக்கிற அறுபத்து மூன்றையும் ஒன்றாகக் கொட்டி விற்றாலும் இந்தப் புத்தகத்தின் விலை தேறாது. இதை வாங்க வேண்டியவர்கள் ஆயிரக்கணக்கில் காசு வாங்கி விற்கிறவர்கள். "உனக்கு இது வேணாம் கன்னியப்பா. நான் வாங்கச் சொன்னா பாவம். டாக்டர்கிட்ட சொல்லிடறேன்."

சரி சார் என்றுதான் கன்னியப்பன் சொல்லியிருப்பான். வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவன் பார்த்துக்கொண்டிருந்தது அந்தப் பக்கத்து எருதை. அதற்குக் கீழே எண் இருந்தது. எண் போட்ட எருது ரயிலோடு நடக்குமா? நானூறு ரூபாய் கொடுத்து அதைக் கட்டிப் போட வேண்டுமா? வேண்டாம் என்பதற்குக் காரணங்கள் வரிசையாக, பிறர் சொல்லாமலே வந்து நின்றன.

அப்போது தாயம்மா, வாசல்படி ஓரத்தில் உட்கார்ந்திருந்தவள், பேசினாள்.

"வேணாம்னா வேணாம். ஒரு தபா படிச்சுக் காட்டுய்யா. நானூறு ரூபாய்க்கு இன்னாதான் எயுதி வச்சிக்கிறாங்கன்னு கேட்டுட்டுப் போலாம்."

எதைப் படிப்பது? அவன் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் திருப்பினான். படங்கள் தொடங்குவதற்கு முன்னால் எழுத்து மட்டும் இருக்கிற பக்கங்கள்; போன ஞாயிறு அவன் தாண்டிப் போனவை. திறந்த இடத்தில் விரலை வைத்தான். ராஜசேகரனும் ராணியும் நின்று கேட்டார்கள். தாளில் விரல் நகர நகர, எழுத்துக் கூட்டி, மூச்சு விட்டு விட்டுப் படித்தான். காசு எப்படி அடித்தார்கள் என்பது அங்கே எழுதியிருந்தது. இரும்பில் அச்சு வெட்டுவார்கள். அச்சில் உருவத்தைத் திருப்பி வெட்ட வேண்டும். அப்போதுதான் காசில் நேராக விழும். இதுவரைக்கும் அவனுக்குத் தெரிந்த சங்கதி. அதற்கு அடுத்த வரிகளுக்கு வந்தபோது விரல் மெதுவானது.

"சில காசுகளில் எழுத்துகள் இடம் வலமாக மாறிக் காணப்படுகின்றன. அச்சு வெட்டியவன் எழுத்துகளைத் திருப்பாமல் வெட்டிவிட்டதால் நேர்ந்த பிழை இது. அவன் எழுத்தறியாத தொழிலாளியாக இருந்திருக்கக் கூடும்."

கன்னியப்பன் நிறுத்தினான். மறுபடி முதலிலிருந்து படித்தான். யாரும் கேட்கவில்லை, அவனாகத்தான் படித்தான்.

"யாரு அந்த ஆளு?" என்றாள் தாயம்மா.

"தெர்ல. அச்சு வெட்டனவன்."

"பேரு போடலியா?"

"போடல."

"ராஜா பேரு?"

"ராஜா பேரெல்லாம் பக்கத்துக்குப் பக்கம் கீது."

கூடத்தில் சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. கன்னியப்பனுக்கு அது உளிச் சத்தமாகக் கேட்டது. ஏதோ ஒரு கொட்டகை, நல்ல வெயில். ஒருவன் குந்தி உட்கார்ந்து இரும்புத் துண்டின் மேல் கவிழ்ந்திருக்கிறான். எழுதிக் கொடுத்த ஓலை ஒரு பக்கம் கிடக்கிறது; அவனுக்கு அது வெறும் வளைவும் நெளிவும். நாலு மாதமாகத் திருப்பித் திருப்பி வெட்டி, அவன் கண்ணுக்கு எது நேர், எது திருப்பம் என்பதே போய்விட்டது. ஒரு நாள் மாறிப் போகிறது. மேஸ்திரி திட்டியிருப்பான், கூலியில் பிடித்திருப்பான். அந்தக் காசும் ஊரெல்லாம் போய், உப்பு வாங்கி, கள்ளு வாங்கி, மண்ணுக்குள் விழுந்து, இங்கே வந்து ஒரு வரியாகிவிட்டது. அறுநூறு பக்கத்தில், ராஜாவாக இல்லாமல் இடம் பிடித்த ஒரே ஆள்.

அது மட்டுமில்லை. அவன் கை பிஸ்கோத்துக்குப் போனது. இந்த எருதையும் ஒருவன் வெட்டியிருப்பான். சரியாகவே வெட்டினான். இரும்பில் வெட்டும்போது அது வலப்பக்கம் பார்த்துக்கொண்டுதான் நின்றிருக்கும். காசில் வந்த எருதை எல்லோரும் பார்த்தார்கள், பட்டியலும் போட்டார்கள். வெட்டினவன் முன்னால் நின்ற எருது இதோ, இந்த வெல்ல மணலில் நிற்கிறது. அது இன்னதென்று தெரிந்து பார்த்தது அவனும் கன்னியப்பனும்தான்.

நிமிர்ந்து தாயம்மாவைப் பார்த்தான்.

"வேணும்" என்றான்.

ராஜசேகரன் திகைத்து, விலை தேறாது என்று சொன்னேனே என்றார். தெரியும் சார் என்றான் கன்னியப்பன். தாயம்மா அவன் முகத்தைப் பார்த்தாள். வகுப்பிலிருந்து வந்த நாட்களில் பலகையைக் கண்ணாடிக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நிற்பானே, அந்த முகம் அது. பிறகு முந்தானை முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

"தப்பா வெட்டனவனுக்குப் போய் நானூறு ரூபா" என்றாள் ராணியிடம், ரகசியம் சொல்வது மாதிரி. "இந்த ஆளுக்குப் பொருத்தமான ஆளுதான்."

கோயிலுக்குப் போய்விட்டுத்தான் வந்தார்கள். அட்டைப் பெட்டியில் போட்டுக் கொடுத்த ஒன்றரைக் கிலோவையும் கன்னியப்பன் தோளில் வைத்தே கொண்டுவந்தான்.

அன்று பிற்பகல் கூரை காய்ந்த காய்ச்சலில் வீட்டுக்குள் ஒரு ஈகூடப் பறக்கவில்லை. கொக்கி காலியாகத் தொங்கியது. அடுத்த சீட்டு ஐப்பசியில்தான் விழும். தாயம்மா தரையில் ஈரத் துணி விரித்துப் படுத்துக்கொண்டு, புத்தகம் வந்த அட்டைப் பெட்டியின் மூடியைக் கிழித்து விசிறிக்கொண்டாள். கெட்டி அட்டை, நல்ல காற்று வந்தது.

"வருதே" என்றாள், கண்ணை மூடிக்கொண்டே. "நானூறு ரூபாய்க் காத்து."

அவன் டப்பாவைக் கவிழ்த்து அறுபத்து மூன்றையும் தரையில் பரப்பியிருந்தான். எழுத்து இருக்கிற காசு ஏழுதான். ஏழையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிழை இருக்கிறதா என்று தெரியவில்லை. அந்தக் காலத்து எழுத்து, இன்னும் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். புத்தகத்தில் அதற்கும் ஒரு பக்கம் இருந்தது, எழுத்துகள் வரிசையாக, பள்ளிக்கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த மாதிரி. முதல் எழுத்தில் விரலை வைத்தான். விசிறிக் காற்று அவன் பக்கமும் வந்தது. தாயம்மா மணிக்கட்டைக் கொஞ்சம் சாய்த்திருந்தாள்.

இரண்டாவது எழுத்துக்குப் போவதற்குள் கண் சொக்கியது. ஏரிச் சேற்றில் குளம்புச் சத்தம் கேட்டது. எருது வந்தது, எந்தப் பக்கம் பார்த்தது என்று அவன் கவனிக்கவில்லை. இந்தத் தரம் கூட ஒருவன் நடந்து வந்தான். கையில் உளி இருந்தது. நெற்றி வேர்வையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டே, வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவன் நடக்கிற மாதிரிதான் நடந்தான்.